சூடானுக்குப் போகும் தொக்கு

பலராமன் அண்ணன் வீட்டு ஹாலில் எனக்குப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை போலிருக்கிறது, மூச்சு விட்டால்கூட ஆடுகிறது, ஆடட்டும், காலையிலிருந்து என் மனசு ஆடுகிற ஆட்டத்துக்கு நாற்காலி எவ்வளவோ தேவலை. பை மடியில் இருக்கிறது. கீழே வை யசோதா, யாரும் தூக்கிக்கொண்டு ஓட மாட்டார்கள் என்று அவர் மனைவி சகுந்தலா அக்கா இரண்டு தரம் சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போய்விட்டாள். வைக்க மனசில்லை. உள்ளே முறுக்கு இருக்கிறது, பருப்புப் பொடி இருக்கிறது, என் வீட்டுக்காரருக்குத் தோல் வெடிக்கும் என்று தேங்காயெண்ணெய் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் நடுவில் துணி சுற்றிய தொக்கு பாட்டில் இருக்கிறது. புளிச்சக்கீரைத் தொக்கு. இந்தப் பாட்டில் இன்று மத்தியானம் காட்பாடியில் ரயிலேறி, டெல்லி போய், அங்கிருந்து விமானமேறி, தெற்கு சூடானில் ஐ.நா. படையோடு முகாம் போட்டிருக்கிற எங்கள் ஆட்களிடம் போய்ச் சேரும். தபாலில் போட்டால் எப்போது சேரும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும், அதனால் பலராமன் அண்ணன் மாதிரி லீவில் வந்து திரும்புகிறவர் கையில் கொடுத்தனுப்புவதுதான் இந்தப் பக்கத்துப் பட்டாளத்து வீடுகளில் வழக்கம். பாட்டில் போகும், நான் போக முடியாது. பாட்டிலைப் பார்த்துக்கூட எனக்கு வயிறெரிகிறது என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாளை மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ இந்த மூடியை அவர் விரல் திருகும். திருகுமா, அல்லது வேறு யாராவது திறந்துவைத்ததில் கையை விடுவாரா, அதுவும் தெரியாது, ஏனென்றால் அங்கே வீட்டிலிருந்து வருகிற தின்பண்டம் எதுவும் தனக்கென்று கிடையாதாம், எல்லாரும் தங்கள் பையிலிருந்து எடுத்து ஒரே மேசையில் வைத்துவிட வேண்டுமாம், அதுதான் அவர்களுக்குள் சட்டம். நல்ல சட்டம்தான். அந்தச் சட்டத்தால்தான் எழிலரசியின் தொக்கு என் புருஷன் வாய்க்குள் போனது.

போனில் அவர் சொன்ன விதத்தை நினைக்க வேண்டாம் என்று பஸ்ஸில் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன், லத்தேரி தாண்டுவதற்குள் நினைத்தாகிவிட்டது, இதோ மறுபடியும் வருகிறது, பல்லில் நார் சிக்கினால் நாக்கு சும்மா இருக்குமா. ஞாயிற்றுக்கிழமை, குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு நிற்கிறேன், போன் அடிக்கிறது, படம் தெரியவில்லை, குரல் மட்டும் விட்டுவிட்டு வருகிறது. பாப்பா படிக்கிறாளா என்றார், மழை உண்டா என்றார், பிறகு குரலில் ஒரு சந்தோஷம் ஏறியது, கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்தச் சந்தோஷத்தை நான் நாலைந்து தடவை கேட்டிருப்பேன், அவர் ஹவில்தார் ஆனபோது, பாப்பா பிறந்தபோது. "யசோ, திருமால் வூட்டுலேர்ந்து ஒரு தொக்கு வந்துது பாரு, புளிச்சக்கீர, இன்னா கை அது. வெறும் சோத்துல போட்டு பெசஞ்சி துன்னேன். நீயும் அந்தப் பொண்ணுகிட்ட கேட்டு கத்துக்கயேன்" என்றார். திருமால் அவரோடு ஒரே கூடாரத்தில் இருக்கிற நாயக், இவருக்கு ஒரு படி கீழே, எழிலரசி அவனுடைய மனைவி. நான் துண்டை அவிழ்த்தேன், மறுபடி கட்டினேன். நான் அனுப்பியது எப்படி இருந்தது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, வாய் கேட்டுவிட்டது. அதுவும் நல்லாதான் இருந்துது என்றார். அதுவும். அந்த 'உம்'மை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அது என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவனுக்குப் பாயசம் ஊற்றுகிற மாதிரி ஒரு உம். நானும் போன தடவை தொக்குதான் அனுப்பினேன், அதே கீரை, அதே நல்லெண்ணெய், என் பழைய பச்சைச் சுங்குடிப் புடவையைக் கிழித்துப் பாட்டிலைச் சுற்றி அனுப்பினேன். என் தொக்கு 'அதுவும்', அவள் தொக்கு 'இன்னா கை அது'. ருசி என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். கை என்றார். கை எங்கிருந்து வந்தது. சாப்பிடுகிறவன் நாக்கைத்தானே சொல்ல வேண்டும், கையை ஏன் நினைக்கிறான், அந்தக் கையில் வளையல் என்ன கலர் என்பது வரைக்கும் நினைத்தானா.

அவளை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், காட்பாடி ஸ்டேஷனில், இவர்கள் கிளம்பின அன்றைக்கு. நாங்கள் எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறோம், அவள் மாம்பழக் கலர் புடவையில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அழுகை வராத பெண்களைக் கண்டால் எனக்குப் பயம். அவள் பிள்ளையை என் வீட்டுக்காரர் வாங்கி ஜன்னல் கம்பி வரைக்கும் தூக்கிப் பிடித்தார், திருமால் உள்ளேயிருந்து முத்தம் கொடுக்கட்டும் என்று. அன்றைக்கு அது எனக்கு நல்ல மனசாகப் பட்டது. இப்போது அந்தக் காட்சியை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், பிள்ளையை வாங்கும்போது அவள் கை இவர் கையில் பட்டிருக்கும், படாமல் எப்படிப் பிள்ளையை வாங்க முடியும், பட்டது, பட்டுவிட்டுப் போகட்டும், அதற்கென்ன என்று ஒரு யசோதா சொல்கிறாள், இன்னொரு யசோதா அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வருகிறாள். பெயரைப் பாருங்கள், எழிலரசி. எங்கள் அப்பாவுக்கு அப்படியொரு பெயர் வைக்கத் தோன்றியதா, மாடு மேய்த்தவனை வளர்த்தவள் பெயரை வைத்தார், நானும் வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சகுந்தலா அக்கா காபியைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைக்கிறாள், எழிலரசியும் பத்தரைக்குள்ள வர்றேன்னா, போன் பண்ணா என்கிறாள். சரி என்று தலையாட்டுகிறேன். காபியில் சர்க்கரை இல்லையா, அல்லது என் வாய்தான் கசக்கிறதா. வரட்டும். வந்து அவள் பாட்டிலையும் இங்கே வைக்கட்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும். இந்தத் தடவை ஜெயிக்கப்போவது யார் என்று பார்த்துவிடலாம்.

ஏனென்றால் நான் சும்மா இருக்கவில்லை. அவளிடம் கேட்டுக் கற்றுக்கொள் என்றாரே, கேட்பதற்கு நான் என்ன மானங்கெட்டவளா, கேட்காமலே கற்றுக்கொண்டேன். அவள் அம்மா வீடு பலமநேர் பக்கம், தெலுங்கு பேசுகிறவர்கள், அவர்கள் கை எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாதா. குடியாத்தம் சந்தையில் கீரை விற்கிற ஆந்திராக்காரியிடம் பேச்சுக் கொடுத்து, செந்தண்டுக் கீரையாகப் பொறுக்கி வாங்கி, மிளகாயை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு, கடுகை வறுத்துப் பொடித்துத் தூவி, இறக்கும்போது ஒரு துண்டு வெல்லம் போட்டேன். என் வழி அதில்லை. நான் கீரையைக் கழுவித் துணியில் பரப்பி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் உலர்த்தி, எண்ணெயில் சின்னத் தணலில் விட்டு, கிண்டிக் கிண்டி, இலை தானாகக் கரைந்து கறுக்கிறவரைக்கும் பக்கத்திலேயே நிற்பேன். கடுகுப் பொடி கிடையாது, வெல்லம் கிடையாது, பூண்டு மட்டும் முழுசு முழுசாக. அந்த வழியைத் தூக்கி அட்டத்தில் வைத்துவிட்டு அவள் வழியைச் செய்தேன். முதல் தடவை காரம் மண்டையைப் பிளந்தது, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டாம் தடவை கசந்தது. மூன்றாம் தடவை நன்றாக வந்தது என்று நினைக்கிறேன், நான் எங்கே ருசி பார்த்தேன், ஒவ்வொரு விரல் எடுத்து நாக்கில் வைக்கும்போதும் இது அவள் மாதிரி இருக்கிறதா, இருக்கிறதா என்றுதானே பார்த்தேன், சாப்பிட்டே அறியாத ஒன்றின் மாதிரி. பாப்பா தோசைக்குத் தொட்டுக்கொண்டு, இது நம்ம தொக்கு இல்லம்மா என்றாள். வாயை மூடிக்கொண்டு சாப்பிடு என்றேன். ஆறாவது படிக்கிறவளுக்கு என்ன தெரியும். அவள் தட்டில் தொக்கை ஒதுக்கிவைத்துவிட்டுச் சர்க்கரை கேட்டாள். எனக்கு அவள் மேலும் கோபம்.

டி.வி. சத்தமில்லாமல் ஓடுகிறது, கீழே செய்தி எழுத்து ஊர்ந்து போகிறது, சூடான் என்று வந்தால் படிக்க வேண்டுமென்று கண் தன்னால் அங்கே போகிறது. போன மாசம் அப்படித்தான் வந்தது, முகாமுக்குப் பக்கத்து ஊரில் துப்பாக்கிச் சண்டை என்று. அன்று முழுக்க போன் இல்லை. நான் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, அம்மா தாயே, அந்த ஆளை முழுசாகக் கொண்டுவந்து சேர்த்துவிடு, கையோடு காலோடு சேர்த்துவிடு, படவேட்டம்மனுக்குப் பொங்கல் வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், நடுவில் எங்கிருந்தோ ஒரு நினைப்பு, அந்தத் தொக்கு இன்னும் மிச்சம் இருக்குமா, இப்போதுகூட அதைத்தான் தின்றுகொண்டிருப்பாரா. எனக்கே என்னைக் கண்டு அருவருப்பாக இருந்தது. குண்டு விழுகிற இடத்தில் புருஷன் இருக்கிறான், பொண்டாட்டி ஊறுகாய்ப் பாட்டிலைப் பிடித்துத் தொங்குகிறாள். மறுநாள் போன் வந்தது, பட்டாசு மாதிரிதான் கேட்டுது, ஒன்னும் இல்ல என்றார், நான் அழுதேன், அழுகை நின்றதும் சாப்பிட்டீங்களா என்றேன், சாப்பிட்டேன் என்றார், என்ன தொட்டுக்கொண்டு என்று கேட்க வாய் வந்தது, விழுங்கிவிட்டேன். பயமும் பொறாமையும் எனக்குள்ளே ஒரே இடத்தில்தான் இருக்கின்றன போலிருக்கிறது, ஒன்றைத் தொட்டால் இன்னொன்றும் சேர்ந்து வலிக்கிறது. அவர் உயிரோடு இருக்க வேண்டும், உயிரோடு இருந்து என்னைத்தான் நினைக்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் எந்தச் சாமிக்கும் கோபம் வரும். ஆனால் ஒரு பெண் கேட்கிற வரம் இவ்வளவுதானே, பெரிய ராஜ்யமா கேட்டுவிட்டேன், என் சோற்றைச் சாப்பிட்ட நாக்கு என் சோற்றை ஞாபகம் வைத்திருக்கட்டும் என்றுதானே.

எங்கள் வீட்டில் இருந்த நாளெல்லாம் அந்த நாக்கு என்னைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை, கெட்டதாகவும் சொன்னதில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். தட்டைப் பார்க்காமல் சாப்பிடுவார். உப்பில்லாத ரசத்தையும் குடித்துவிட்டு எழுந்துபோவார், நான் பிறகு வாயில் வைத்துப் பார்த்துத் திடுக்கிடுவேன். பட்டாளத்தில் லங்கரில், அதுதான் அவர்கள் சமையல் கூடத்தில், போட்டதைத் தின்று பழக்கம், அதனால் அப்படி என்று மாமியார் சமாதானம் சொல்லுவார். நானும் அப்படியே நம்பினேன், இந்த மனுஷனுக்கு நாக்கே இல்லை, கடவுள் படைக்கும்போது மறந்துவிட்டார், நமக்கென்ன, சமைப்பது சுலபம் என்று. இப்போது தெரிகிறது நாக்கு இருக்கிறது. ஆயிரக்கணக்கான மைல் தாண்டிப் போனதும் முளைத்துவிட்டது. இன்னொருத்தியின் கைபட்டதும் முளைத்துவிட்டது. அக்கரைக்குப் போனவனுக்கும் இக்கரை பச்சையாகத் தெரிய வேண்டாமா, அவனுக்கு அங்கேயும் பக்கத்து இலைதான் பச்சை. பலராமன் அண்ணனைக் கண்டாலும் எனக்குப் பொறாமைதான், நல்ல மனுஷன், ஒரு கெடுதல் நினைக்காதவர், ஆனாலும் வெள்ளிக்கிழமைக்குள் அவர் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார், தோளில் தட்டுவார், இளைத்திருக்கிறாரா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியும். நான் போன் கண்ணாடியில் கலங்கலாகப் பார்ப்பேன், பாதி நேரம் அவர் மூக்கு மட்டும் தெரியும்.

பலராமன் அண்ணன் தோளில் துண்டோடு கொக்கித் தராசை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவரும் என் வீட்டுக்காரரின் பட்டாலியன்தான், இவரைவிட மூத்தவர், வண்டிகளோடு போகிற வேலை. வாம்மா, எடு பையை என்கிறார். கடைசியில் மடியிலிருந்து கொடுத்துவிட்டேன், மடி லேசாகிவிட்டது, அது எனக்குப் பிடிக்கவில்லை. கொக்கியில் பை தொங்குகிறது, முள் ஓடி நிற்கிறது. உச்சுக் கொட்டுகிறார். விமானத்தில் ஒரு ஆளுக்கு இவ்வளவு கனம்தான் என்று கணக்கு உண்டு, அவர் சொந்தச் சாமான்களோடு இந்தப் பைகளையும் பிரித்துத் தெரிந்தவர்கள் பேரில் போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும், எனக்குத் தெரிந்ததுதான். "கனமா கீதும்மா உன் பை. பாட்டில எடுத்து திருமால் பையில சொருவிட்றேன், எழிலு எப்பவும் கொஞ்சமாதான் குடுக்கும். போன வாட்டியும் அப்டிதான் பண்ணேன்" என்றார். நான் சரி என்றேன். என்றுவிட்டுத்தான் காதில் விழுந்தது. போன வாட்டியா அண்ணா என்றேன். "ஆமா, எங்க அப்பா காரியத்துக்கு வந்துட்டு போனப்ப. உன் தொக்கு பாட்டிலு திருமால் பையிலதான் போச்சு. சொல்லணும்னு நெனச்சேன், போயி எறங்குன மறுநாளே கான்வாய்ல அனுப்ச்சிட்டாங்க, மறந்துட்டேன். ஏம்மா, அங்க போனா எல்லாம் ஒரே டேபிளுதான" என்றார். பச்சைத் துணி சுற்றினதா என்று கேட்டேன். பச்சைத் துணிதான் என்றார். தராசைக் கீழே வைத்துவிட்டுக் கயிறு தேடிக்கொண்டு உள்ளே போனார்.

நாற்காலி ஆடவில்லை. நான் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று அதனால்தான் தெரிகிறது. என் தொக்கு. என் கை. இன்னா கை அது என்றது என் கையை. முதலில் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன், சகுந்தலா அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அடி பைத்தியக்காரி, உன்மேல் நீயே பொறாமைப்பட்டு உன் பொழப்பை நீயே கெடுத்துக்கொண்டாயே, உன் சக்களத்தி நீயேதானடி. நெஞ்சில் ஏதோ குளிர்ந்து இறங்கியது, அப்பாடா, அவருக்கு என் கைதான் பிடித்திருக்கிறது, பிசைந்து பிசைந்து தின்றாராம், வழித்து நக்கியிருப்பார், என் கையை. நன்றாக இருந்தது. ஒரு வாய் காபி குடித்தேன், அதுகூட இனித்தது. அடுத்த வாய்க்குள் இன்னொன்று வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் அவர் சாப்பிட்ட தொக்கு அதுதானே. மாற்றவில்லையே. ஒரு பூண்டு கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லையே. அதே தொக்கை, அதே நாக்கில் வைத்துக்கொண்டு, இது யசோதாவுடையது என்று ஒரு நிமிஷம் தோன்றவில்லையா. தோன்றவில்லை. துணி. அந்தப் பச்சைச் சுங்குடி பாப்பா வயிற்றில் இருக்கும்போது நான் கட்டிக்கொண்டே கிடந்த புடவை, அவர் அதன் முந்தானையில் கை துடைத்திருக்கிறார், முகம் துடைத்திருக்கிறார். அது மேசைமேல் கிடந்திருக்கிறது, அவர் பார்த்திருக்கிறார், ஒரு துணி என்று பார்த்திருக்கிறார். சரி, அதுவும் நல்லாதான் இருந்துது என்றாரே, எது. என் பையில் தொக்கே இல்லை. போகாத ஒன்றை எப்படி நன்றாக இருந்தது என்றார். முறுக்கைச் சொல்லியிருக்கலாம். ஆமாம், முறுக்கைத்தான் சொல்லியிருப்பார், நான் 'நான் அனுப்ச்சது' என்றுதானே கேட்டேன், தொக்கு என்று சொல்லவில்லையே. வக்கீல் மாதிரி அவருக்காக நானே வாதாடுகிறேன், நானே தீர்ப்பும் சொல்ல வேண்டும். முறுக்கு என்றால் முறுக்கு நல்லாருந்துது என்பார். என்ன வந்தது என்றே தெரியாமல் சொன்ன வார்த்தை அது. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற மாதிரி. பிறத்தியார் வீட்டுப் பேர் ஒட்டியதும் அமுதமாகிப்போன அதே பண்டம் என் வீட்டு வாணலியில் இருந்தவரைக்கும் வெறும் தொட்டுக்கை. எழிலரசி ஜெயித்திருந்தால் தேவலை. அவளிடம் தோற்றால் கற்றுக்கொள்ளலாம். இப்போது நான் யாரிடம் தோற்றேன்.

வாசலில் ஸ்கூட்டி நிற்கிற சத்தம். எழிலரசி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறாள், மாம்பழக் கலர் புடவை இல்லை, வெளுத்த சுடிதார், கண்ணுக்குக் கீழே கறுப்பு, பிள்ளைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், ஊரிலிருந்து வந்திருக்கிற அம்மாவிடம் விட்டுவிட்டு ஓடிவருகிறேன் என்கிறாள். அவள் கையில் இருந்த பை என்னுடையதில் பாதிகூட இல்லை. பெரிய தோற்றமாக நான் மனசில் வளர்த்துவைத்திருந்த பெண் இவ்வளவு சின்னதாக இருப்பாள் என்று எனக்கு ஞாபகமே இல்லை. நல்லா கீறீங்களாக்கா என்று பக்கத்தில் வந்து தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள், நாற்காலி வேண்டாமென்றாள். நான் பிள்ளைக்கு மாத்திரை கொடுத்தாயா என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது. பையில் என்ன என்றேன். கடலை உருண்டை, கடையில் வாங்கியது, பாதி பை அதுதான் என்று சிரித்தாள், நான் எங்கே சமைக்கிறேன் அக்கா, என் சமையல் எங்கம்மாவுக்கே பிடிக்காது என்றாள். பிறகு அவளாகவே ஆரம்பித்தாள், சிரிப்புக் கதை சொல்லுகிற மாதிரி. போன தடவை அவள் வீட்டுக்காரர் பையில் யாரோ ஒரு தொக்கு பாட்டிலை வைத்திருந்தார்களாம். "வாயில வெச்சதுமே போன் பண்ணிட்டாருக்கா. எழிலு, இது உன் கை இல்லியே, யாருதுன்னாரு" என்றாள்.

எப்படித் தெரிந்ததாம் என்று கேட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "நான் எது பண்ணாலும் உப்பு தூக்கலா இருக்கும்கா. அந்த உப்பு இல்லியாம். இவ்ளோ நல்லாருக்குதே, நீ பண்ணியிருக்க மாட்டன்னு சொல்லிட்டு சிரிக்கிறாரு" என்றாள், சொல்லும்போதே அவள் காதெல்லாம் சிவந்துபோனது, வெட்கமும் பெருமையும் சேர்ந்த சிவப்பு, கல்யாணமான புதுசில் பெண்களுக்கு வருமே அது. அங்கே எல்லாரும் அவள் செய்தது என்றே நினைத்துப் புகழ்ந்தார்களாம், திருமால் மறுக்கவில்லையாம், இருந்துட்டுப் போகட்டும், என் பொண்டாட்டிக்கும் ஒரு நல்ல பேர் கிடைக்கட்டும் என்றானாம். யாருதுன்னு தெரியுமாக்கா, உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, ஒரு வார்த்தை சொல்லிடணும், பாவம் என்றாள். பாவமாம். எனக்கு இதுவரைக்கும் வந்ததெல்லாம் பொறாமையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அது வெறும் சிணுங்கல். நிஜமானது இப்போதுதான் வந்தது. இவள் கைக்கு ருசி இல்லை, உப்புக்கூடப் போடத் தெரியவில்லை, ஆனால் இவள் தப்புக்கூட அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு விரல் நக்கினதும் இவள் இல்லாததை அவன் கண்டுபிடித்துவிட்டான். நான் ஒரு பாட்டில் முழுக்க இருந்தேன். என்னைத் தின்று தீர்த்துவிட்டு என்னிடமே வந்து இன்னொருத்தியிடம் கற்றுக்கொள் என்றார். இவளைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது, இவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, இவள் மடியில் தலைவைத்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. என்னுதுதாம்மா அது என்றேன்.

எழிலரசி எழுந்தே நின்றுவிட்டாள். ஐயோ அக்கா, உங்களுதா என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இன்னாக்கா சொல்லவே இல்ல, அப்படின்னா உங்க வூட்டுக்காரு கண்டுபிடிச்சிருப்பாரே என்றாள். கபடமில்லாமல்தான் கேட்டாள். அவளுக்கு அது இயல்பாகத் தெரிகிறது, சாப்பிட்டால் கண்டுபிடிக்கமாட்டார்களா என்று. நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அதற்குள் பலராமன் அண்ணன் கயிறோடு வந்துவிட்டார், விஷயம் அவர் காதிலும் விழுந்துவிட்டது, தொடையைத் தட்டிச் சிரித்தார், போனதும் முதல் வேலை அதுதான் என்றார், அவனை நிற்கவைத்து எல்லார் முன்னாலும் கேட்கிறேன், பொண்டாட்டி கைப்பக்குவம் தெரியாதவனெல்லாம் ஹவில்தாரா என்று, ஒரு வாரத்துக்கு அவனை ஓட்டித் தீர்த்துவிடலாம் என்றார், சொல்லிக்கொண்டே என் தொக்கு பாட்டிலை எடுத்து எழிலரசி கொண்டுவந்த திருமால் பையில் சொருகினார். அவர் சொல்லச் சொல்ல எனக்கு அந்த மேசை தெரிந்தது, எல்லாரும் சிரிக்கிறார்கள், இவர் தலையைச் சொறிந்துகொண்டு, அட, நம்மூட்டுதா அது என்கிறார், அன்றைக்கே போன் செய்வார், யசோ, உன்னுதுதான்டி அது, எனக்கு அப்பவே தெரியும் என்பார். அதை நான் நம்ப வேண்டியிருக்கும். நம்பிவிடுவேன், அதுதான் எனக்குப் பயம். ஊரே சேர்ந்து சொல்லிக்கொடுத்துப் புருஷன் அடையாளம் கண்டுபிடித்த பொண்டாட்டியாக மிச்ச காலம் இருக்க வேண்டும்.

குனிந்து திருமால் பையிலிருந்து என் பாட்டிலை எடுத்தேன். அவருக்காகச் செய்தது, எழிலரசி மாதிரி, செய்யத் தெரியாத எழிலரசி மாதிரி. இது போக வேண்டாம் அண்ணா என்றேன். ஏம்மா, இடம்தான் இருக்குதே என்றார். இருக்கட்டும், இந்தத் தடவை தொக்கு இல்லை என்றேன். எழிலரசி என் முகத்தைப் பார்த்தாள், பிறகு தன் பைக்குள் எதையோ சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள். போன வாட்டி உன்னுதுதான்னு அவன்கிட்ட சொல்லிட்றேம்மா, அவனும் தெரிஞ்சிக்கட்டும் என்றார் பலராமன் அண்ணன். வேண்டாம் என்றேன். நான் இவ்வளவு கறாராக அவரிடம் பேசியதில்லை, அவர் கயிறை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்களா எதுவும் சொல்லாதீங்கண்ணா. அவரா கேட்டா சொல்லுங்க."

"இன்னான்னு கேட்டா?"

"ஏன் யசோதா தொக்கு அனுப்பலைன்னு."

"கேப்பான்மா" என்றார் பலராமன் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல், பையின் வாயைக் கட்டிக்கொண்டே.